ஆஸ்துமா அடங்கவில்லையா? மருந்தைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நெதர்லாந்தில் ஆஸ்துமா நோயாளிகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. நூறு பேரில் 17 பேருக்கு, வீரியமான மருந்து எழுதிக் கொடுத்தும் நோய் கட்டுக்குள் வரவில்லை. அந்த 17 பேரில் மருந்தை விடாமல் எடுப்பவர்கள், இன்ஹேலரைச் சரியாக இழுப்பவர்கள் யார் என்று சலித்துப் பார்த்தபோது நாலு பேர்கூட மிஞ்சவில்லை. 3.7 சதவீதம்தான். மருத்துவர்கள் 'கடுமையான ஆஸ்துமா' என்று சொல்வது அந்த 3.7 சதவீதத்தைத்தான். மற்ற 13 பேரின் நோயும் அடங்காமல்தான் இருக்கிறது, ஆனால் அதற்கான காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பம் வரும். இளைப்பு பலமாக வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அதுதான் கடுமையான ஆஸ்துமா என்று நினைக்கிறோம். அது கடுமையான தாக்குதல். லேசான ஆஸ்துமா உள்ளவருக்கும் ஒருநாள் அப்படி வரலாம், உயிரே போகலாம். நோய் கடுமையானதா இல்லையா என்பதை, அதை அடக்க எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை உயர்ந்த அளவிலும், மூச்சுக்குழாயை நீண்ட நேரம் விரித்து வைக்கும் மருந்தையும் சேர்த்து ஒழுங்காக எடுத்த பிறகும் அடங்கவில்லை, அல்லது அளவைக் குறைத்தால் உடனே மோசமாகிறது என்றால் அது கடுமையான ஆஸ்துமா.

சரி, ஆஸ்துமா என்பது என்ன? மூச்சுக்குழாயின் உட்சுவரில் நாள்பட்ட அழற்சி, அதாவது உள்ளுக்குள் வீக்கம். அந்த வீக்கத்தால் குழாய் எதற்கெடுத்தாலும் சுருங்கிக்கொள்கிறது, சளி சுரக்கிறது, நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவோ மருந்தாலோ விரிகிறது. இப்படி ஏறி இறங்குவதுதான் ஆஸ்துமாவின் குணம். அலர்ஜி இதற்கு ஒரு பெரிய காரணம், ஆனால் ஒரே காரணம் அல்ல. சாதாரணமாக யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு பொருளை உடம்பு எதிரியாக நினைத்து, அதற்கென்று 'ஐஜிஇ' என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிப்பதுதான் அலர்ஜி. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே, தெருகோ இஷிசாகாவும் சுவீடனில் ஒரு குழுவும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். இந்தப் புரதம் மூக்கு, தோல், மூச்சுக்குழாயில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அந்தப் பொருள் மறுபடி வந்து தொட்டதும் ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்கள் கொட்டும். மூக்கில் கொட்டினால் தும்மல், தோலில் கொட்டினால் தடிப்பு, மூச்சுக்குழாயில் கொட்டினால் இளைப்பு.

மூக்கு அலர்ஜியும் ஆஸ்துமாவும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு மெல்போர்னில் நடந்ததைச் சொல்லலாம். 2016 நவம்பர் 21 அன்று அங்கே இடியுடன் கூடிய புயல்காற்று வீசியது. புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய நுண்துகள்களாக மாறியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள், 10 பேர் இறந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை. வருஷாவருஷம் வரும் மூக்கு அலர்ஜி மட்டும் இருந்தது.

முதல் கேள்வி: இது ஆஸ்துமாதானா?

அடங்காத ஆஸ்துமா என்று வருகிறவருக்கு நல்ல மருத்துவர் முதலில் மருந்தைக் கூட்ட மாட்டார். நோயின் பெயரையே சந்தேகப்படுவார். நம் ஊரில் பல வருஷம் மருந்து எடுத்தவர்களிலேயே ஒருமுறைகூட ஸ்பைரோமெட்ரி செய்யாதவர்கள் நிறைய. இது வலியில்லாத சோதனை. மூச்சை நன்றாக இழுத்து, ஒரு குழாயில் வேகமாக ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று கருவி அளக்கும். பிறகு மூச்சுக்குழாயைச் சட்டென்று விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அந்த அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால், சுருங்கிய குழாய் விரிகிறது என்று பொருள். ஆஸ்துமாவுக்கு அது வலுவான சாட்சி.

ஊதும் நாளில் நோயாளி நன்றாக இருந்தால் சோதனையும் சரியாகவே வரும். அதனால் ஒருமுறை இயல்பாக வந்தது என்பதற்காக ஆஸ்துமா இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அப்போது கைகொடுப்பது பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்ன பிளாஸ்டிக் கருவி. விலை அதிகமில்லை, மருந்துக்கடையில் சொல்லி வைத்தாலே கிடைக்கும். காலையும் மாலையும் ஊதி இரண்டு வாரம் எழுதி வைக்க வேண்டும். காலையில் 300, மாலையில் 360 என்றால் வித்தியாசம் 60, சராசரி 330, ஏற்ற இறக்கம் 18 சதவீதம். இப்படி நாள்தோறும் கணக்கிட்டதன் சராசரி, பெரியவர்களுக்குப் பத்து சதவீதத்தைத் தாண்டினால் ஆஸ்துமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். என்னைக் கேட்டால், ஆஸ்துமா இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் இது ஒன்று இருக்க வேண்டும்.

ஆஸ்துமா மாதிரியே வேஷம் போடும் நோய்கள் நிறைய. பல வருஷம் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும், பீடி சிகரெட் பிடித்தவர்களுக்கும் வரும் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் அதில் ஒன்று. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்ந்தாலும் ராத்திரி இளைக்கும். குரல்நாண் தவறான நேரத்தில் மூடிக்கொண்டாலும் திணறும்.

அப்புறம் 'ஈஸ்னோபீலியா'. ரத்தத்தில் ஈஸ்னோஃபில் என்ற வெள்ளணு கொஞ்சம் கூடியிருந்தாலே இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறோம். அந்த அணு அலர்ஜியிலும் கூடும், ஆஸ்துமாவிலும் கூடும், வயிற்றில் புழு இருந்தாலும் கூடும். ஆனால் ராத்திரியில் விடாத இருமலும் இளைப்பும் இருந்து, இந்த அணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 3000-க்கு மேல் எகிறியிருந்தால் கதையே வேறு. யானைக்கால் நோய்ப் புழுவுக்கு உடம்பு காட்டும் அதீத எதிர்வினையாக அது இருக்கலாம். கும்பகோணம் மாதிரி யானைக்கால் நோய் அதிகம் இருந்த வட்டாரங்களில் இது மறக்கக்கூடாத சந்தேகம். இதற்குத் தனி மாத்திரை இருக்கிறது, வழக்கமாக மூன்று வாரம். இதை ஆஸ்துமா என்று நினைத்து வருஷக்கணக்கில் இன்ஹேலர் இழுத்தால் நோய் உள்ளேயே இருக்கும்.

அலர்ஜி டெஸ்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

தோலில் செய்யும் பிரிக் டெஸ்ட்தான் பழையது, மலிவானது, நம்பகமானது. முன்கையில் வரிசையாகத் துளிகள் வைப்பார்கள். தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சை, மகரந்தம் என்று ஒவ்வொரு துளியிலும் ஒன்று. துளி வழியாக ஊசியால் லேசாகக் கீறுவார்கள், ரத்தம் வராது. பதினைந்து இருபது நிமிடத்தில் கொசு கடித்த மாதிரி தடித்தால் அளந்து பார்ப்பார்கள். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். இதற்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின், லீவோசெட்ரிசின் வகை அலர்ஜி மாத்திரைகளை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் தடிக்காது. இன்ஹேலரை நிறுத்தத் தேவையில்லை. இளைப்பு அதிகமாக இருக்கும் நாளில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கும், தோல் நோய் பரவலாக உள்ளவர்களுக்கும் ரத்தத்தில் குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ-யை அளந்து பார்க்கலாம்.

இரண்டில் எதில் பாசிட்டிவ் வந்தாலும் ஒரே ஒரு விஷயம்தான் உறுதி: உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது. அந்தப் பொருளால்தான் உங்களுக்கு இளைக்கிறதா என்பது வேறு கேள்வி. இறால் பாசிட்டிவ் என்று தாளில் வந்திருக்கும், அவர் வாரம் தவறாமல் இறால் தொக்கு சாப்பிட்டு நன்றாகவே இருப்பார். தூசிப்பூச்சியிலும் கரப்பானிலும் இறாலிலும் உள்ள ஒரு புரதம் ஏறக்குறைய ஒரே சாயலில் இருப்பதால் இப்படி வரும். அவர் இறாலை நிறுத்த வேண்டியதில்லை. எந்தச் சோதனையும் நோயாளி சொல்லும் கதையோடு பொருந்தினால்தான் செல்லும். எப்போது வருகிறது, எந்த அறையில், எந்த மாதத்தில், வெளியூர் போனால் குறைகிறதா என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது.

அதனால்தான் இருநூறு பொருளுக்கு ஒரே ரத்தச் சோதனை என்ற பேக்கேஜ்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அறிகுறியே இல்லாத பொருளெல்லாம் பாசிட்டிவ் என்று வரும். கத்தரிக்காய், பால், முட்டை, கோதுமை என்று ஒவ்வொன்றாக நிறுத்திக் குழந்தை மெலிந்துபோகும், இளைப்பு அப்படியே இருக்கும். அதிலும் சில பேக்கேஜ்கள் அளப்பது ஐஜிஇ-யை அல்ல, ஐஜிஜி-யை. நாம் ஓர் உணவைச் சாப்பிடுகிறோம் என்பதற்கு அடையாளம்தான் ஐஜிஜி. அதை வைத்து அலர்ஜியைச் சொல்லக்கூடாது என்பதில் உலக அலர்ஜி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

வீட்டில் இருக்கும் காரணம்

கடற்கரை ஊர்களில் முதல் குற்றவாளி பெரும்பாலும் தூசிப்பூச்சி. அளவு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான், கண்ணுக்குப் படாது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்னும். தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அதனால் பிழைக்க முடியாது. சென்னையில் ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், கேட்க வேண்டுமா? அலர்ஜியைத் தருவது முக்கியமாக அதன் எச்சம். அது மெத்தையிலும் தலையணையிலும்தான் அதிகம் சேர்கிறது. வீடு முழுக்கத் துடைப்பதைவிட, எட்டு மணி நேரம் முகம் புதைக்கும் இடத்தைக் கவனிப்பது லாபம். விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சி சாகும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் பெரும்பாலும் போய்விடும், பூச்சி பிழைத்துக்கொள்ளும். மெத்தையைக் கடும் வெயிலில் போடும் நம் பழக்கம் நல்லதுதான். போட்ட பிறகு நன்றாகத் தட்ட வேண்டும், ஏனென்றால் செத்த பூச்சியும் எச்சமும் உள்ளேதான் இருக்கும். தட்டுகிறவர் இளைப்பு உள்ளவராக இருக்கக்கூடாது. விலை உயர்ந்த மெத்தை உறை ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு அதிசயம் நடக்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். நாலைந்து வேலைகளைச் சேர்த்துச் செய்தால்தான் பலன் தெரியும்.

கரப்பான், சுவரில் ஈரம் ஊறிய இடத்துப் பூஞ்சை, நாய் பூனை, சீமைக்கருவேல மகரந்தம் ஆகியவை அடுத்தடுத்து வரும். கரப்பானுக்கு ஸ்பிரே அடித்தால் அந்த வாடையே இளைப்பைக் கிளப்பும், ஜெல் வைப்பது மேல். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், தாளிக்கும் நெடி இவை எல்லாம் அலர்ஜிப் பொருள்கள் அல்ல, எரிச்சலூட்டிகள். எந்த டெஸ்டிலும் பாசிட்டிவ் வராது. ஆனால் வீங்கிய மூச்சுக்குழாயைச் சுருக்க இவை போதும்.

இன்ஹேலர்

இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த 13 பேரில் பலர் தவறவிடுவது இங்கேதான். இன்ஹேலர் பழகிவிடும், கடைசிக் கட்டத்தில்தான் தர வேண்டும், மாத்திரையைவிட அது பெரிய மருந்து என்ற மூன்று நம்பிக்கையுமே தவறு. திணறலுக்குத் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். தினசரி இன்ஹேலரில் உள்ள பியூடசனைடு என்ற ஸ்டீராய்டு 400 மைக்ரோகிராம் போல இருக்கும். எடைக்கு எடை வீரியம் ஒன்றல்ல என்றாலும், உடம்பு முழுக்கச் சுற்றுவதும் நேராக நுரையீரலுக்குப் போவதும் ஒன்றாகுமா? ஆனால் வாரக்கணக்கில் டெரிஃபிலின்–டெக்சா ஊசி போட்டுக்கொள்ளத் தயங்காதவர், இன்ஹேலர் என்றால் பயப்படுகிறார். அந்த டெக்சாவும் ஸ்டீராய்டுதான். அடிக்கடி போனால் சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண்புரை எல்லாம் வரும்.

இரண்டாவது தவறு, உடனே நிவாரணம் தரும் சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஓட்டுவது. அது குழாயை விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வந்தது. கணக்கு கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேர், இறப்பதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் இந்த நிவாரண இன்ஹேலரைப் பன்னிரண்டுக்கு மேல் வாங்கியிருந்தார்கள். உலக அளவில் ஆஸ்துமா வழிகாட்டுதல் தரும் ஜினா அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தருவதை 2019-லிருந்து பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக ஸ்டீராய்டும், குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் பயன்படுத்தும் முறையை முன்வைக்கிறது. உங்களுக்கு எது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இழுக்கும் விதம். அழுத்தும் பம்பு வகை என்றால் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக ஆழமாக இழுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடு இருந்தால் மருந்து தொண்டையில் படிவது குறைந்து நுரையீரலுக்கு அதிகம் போகும், பெரியவர்களுக்கும் இது நல்லது. ரோட்டாகேப் போட்டு இழுக்கும் தூள் வகை என்றால் நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் இதை மாற்றிச் செய்துவிடுவது சகஜம். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரையே எடுத்துப்போய் அவர் எதிரில் இழுத்துக் காட்டுங்கள். பார்க்க அவருக்கு நேரமில்லை என்றால் செவிலியரிடமாவது காட்டுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அடங்கவில்லை என்றால் மருத்துவர் வேறு சிலவற்றைத் தேடுவார். மூக்கடைப்பையும் சைனஸையும் கவனிக்காமல் நெஞ்சை மட்டும் சரிசெய்ய முடியாது. நெஞ்செரிச்சல், உடல் பருமன், குறட்டையோடு மூச்சு நிற்பது, புகைப்பழக்கம் ஆகியவையும் உண்டு. வேறு நோய்க்கு எடுக்கும் மருந்துகளையும் சொல்லுங்கள். படபடப்புக்குத் தரும் புரோப்ரனலால், கண் அழுத்தத்துக்கு விடும் டைமலால் சொட்டு மருந்து இரண்டுமே மூச்சுக்குழாயைச் சுருக்கும். மூக்கில் சதை வளர்ந்திருப்பவர்கள் சிலருக்கு ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ எடுத்த ஓரிரு மணி நேரத்தில் பயங்கரமாக இளைக்கும். அலர்ஜி மாத்திரை என்று மான்டிலுகாஸ்ட் எடுப்பவருக்கு தூக்கம் கெடுவது, பயங்கரக் கனவு, மனச்சோர்வு என்று ஏதாவது தெரிந்தால் அதையும் மறைக்கக்கூடாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் இதற்கென்றே கட்டம்போட்ட எச்சரிக்கை விட்டது.

இனி அந்த நாலு பேர்

இப்போதுதான் உண்மையான கடுமையான ஆஸ்துமா. இங்கே எந்த வகை வீக்கம் என்று பார்க்கிறார்கள். ரத்தத்தில் ஈஸ்னோஃபில் எண்ணிக்கை, ஐஜிஇ, வெளிவிடும் மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு அளவு என்று மூன்று அளவுகள். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஈஸ்னோஃபில் விழுந்துவிடும், அதனால் ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம்.

ஐஜிஇ ஆயிரக்கணக்கில் இருந்து, பழுப்பு நிறக் கட்டிகளாகச் சளி வந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு நுரையீரல் காட்டும் அலர்ஜியாக இருக்கலாம். இந்தியாவில் இது அரிதல்ல. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனைக் குழு இதைப் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் அளவுக்கு ஆய்வு செய்திருக்கிறது. இதற்கு ஸ்டீராய்டு மாத்திரை அல்லது பூஞ்சைக்கொல்லி மாத்திரை, சிலசமயம் இரண்டும் தேவைப்படும். விட்டால் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து சேதமாகும்.

மற்றவர்களுக்கு 'பயலாஜிக்' ஊசிகள், அதாவது வீக்கத்தை உண்டாக்கும் ஒரு குறிப்பிட்ட பொருளையோ அணுவையோ மட்டும் குறிவைக்கும் மருந்துகள். முதலில் வந்தது ஓமாலிசுமாப், அமெரிக்காவில் 2003-ல் அனுமதி பெற்றது. இது ஐஜிஇ-யையே பிடித்துக் கட்டிவிடும். உடல் எடையையும் ஐஜிஇ அளவையும் வைத்து இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். மெபோலிசுமாப், பென்ராலிசுமாப் இரண்டும் ஈஸ்னோஃபிலைக் குறிவைப்பவை. டுபிலுமாப், டெசெபெலுமாப் இரண்டும் வீக்கத்தை உண்டாக்கும் சங்கிலியில் வேறு கண்ணிகளைத் துண்டிப்பவை. பொருத்தமான ஆளுக்குப் போட்டால் தாக்குதல்கள் பாதியாகவோ அதைவிடவோ குறையும், ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைக்கலாம். பொருந்தாதவருக்கு வீண்செலவு, அதுவும் மாதத்துக்குப் பல்லாயிரம் ரூபாய். குறைந்தது நாலு மாதம் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடரலாமா என்று முடிவு செய்வது வழக்கம். ஈஸ்னோஃபில் புழுக்களை எதிர்க்கும் அணு என்பதால், நம் மாதிரி நாடுகளில் ஊசிக்கு முன் குடற்புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள்.

அலர்ஜிக்கே தடுப்பூசி மாதிரி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அலர்ஜிப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் இந்த முறை 1911-லிருந்தே இருக்கிறது. மூக்கு அலர்ஜிக்கு நல்ல பலன் தரும், மூன்று முதல் ஐந்து வருஷம் தொடர வேண்டும். ஆனால் ஆஸ்துமா அடங்காமல் இருப்பவருக்கு இதைப் போட்டால் ஆபத்து, அந்த ஊசியே பெரும் தாக்குதலைக் கொண்டுவரலாம். முதலில் ஆஸ்துமாவை அடக்க வேண்டும். ஜூன் மாதம் ஹைதராபாத் போய் உயிர்மீன் விழுங்குவது பற்றியும் கேட்பார்கள். பலன் உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. போய்த்தான் ஆவேன் என்பவர் இன்ஹேலரை மட்டும் நிறுத்தாமல் இருக்கட்டும்.

திணறல் வந்துவிட்டால்

முழு வாக்கியம் பேச முடியவில்லை, கழுத்துக்குழியும் விலா இடுக்கும் உள்ளே இழுக்கிறது, உதடு நீலமாகிறது, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 92-க்குக் கீழே, நிவாரண மருந்து எடுத்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி திணறுகிறது. இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விசில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் ஆள் சோர்ந்து மயங்குகிறார் என்றால் அது இன்னும் மோசம், காற்றே போகவில்லை என்று அர்த்தம். வண்டி வரும்வரை நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். சால்பியூட்டமாலை ஸ்பேசரில் ஒரு தடவை அழுத்தி நாலு மூச்சு, மறுபடி ஒன்று, இப்படி நாலு முறை. நாலு நிமிடம் கழித்தும் மாற்றமில்லை என்றால் அதே மாதிரி மறுபடியும். உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசரத் திட்டம் வேறாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். அப்படி ஒரு தாள் இல்லை என்றால், நன்றாக இருக்கும் ஒரு நாளில் போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் இளைப்பு இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. ஒரு வாரத்துக்குள் மருத்துவரை மறுபடி பார்க்க வேண்டும், குழந்தை என்றால் ஓரிரு நாளிலேயே. போகும்போது இன்ஹேலர், ஸ்பேசர், பீக் ஃப்ளோ எழுதிய நோட்டு, இதுவரை எடுத்த ரிப்போர்ட்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.